நால்வர் பகிர்ந்துகொண்ட வழக்கறிஞர் கட்டணம்: ஐஆர்எஸ்ஸிடமிருந்து யாருக்கு எவ்வளவு திரும்பும்?

கேள்வி நீளமாக இருந்ததால் அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் வாழும் நான்கு நண்பர்கள் ஒரு எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) அமைத்து, வாடகைக் குடியிருப்புக் கட்டடம் ஒன்றை வாங்கி நடத்துகிறார்கள். 2020-ஆம் ஆண்டில் கூரைக்கும் குழாய்களுக்கும் செய்த செலவைப் பழுதுபார்ப்புச் செலவாகக் கணக்கில் கழித்தார்கள். அது பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கழிக்க வேண்டிய மூலதனச் செலவு என்று சொல்லி ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) மறுத்தது. கூட்டாண்மையையே முழுதாக வைத்துத் தணிக்கை செய்யும் முறையிலிருந்து எல்எல்சி விலகியிருந்ததால் நால்வருக்கும் தனித்தனியே வரிப் பற்றாக்குறை அறிவிப்பு (இன்னும் இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு) வந்தது. ஒரே வழக்கறிஞர் வரி நீதிமன்றத்தில் நான்கு மனுக்களைத் தாக்கல் செய்தார். அவை ஒன்றாகச் சேர்த்து விசாரிக்கப்பட்டு, 2025-இல் நால்வருக்கும் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. வழக்கறிஞர் 240 மணி நேரத்துக்கு மணிக்கு 400 டாலர் வீதம் 96,000 டாலர் கேட்டார். அதில் 60,000 டாலரைக் கேள்வி கேட்டவரும் 24,000 டாலரை இரண்டாமவரும் கொடுத்தார்கள். மூன்றாமவருக்காக அவருடைய தம்பியின் கம்பெனி 12,000 டாலர் கொடுத்தது. நான்காமவர் இன்னும் எதுவும் கொடுக்கவில்லை. செலவைச் சமமாகப் பகிர்வது என்பது வாய்ப்பேச்சு. வழக்கறிஞரின் ஒப்பந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் கேள்வி கேட்டவர் ஒருவரே. இரண்டாமவரின் சொத்து 20 லட்சம் டாலரைத் தாண்டும் என்கிறார்கள். இந்த நிலையில் 96,000 டாலரும் அரசிடமிருந்து திரும்பக் கிடைக்குமா என்பது கேள்வி.

முழுத்தொகை கிடைக்காது. நீங்கள் கட்டணத்தைக் கூட்டாகக் கொடுத்திருந்தாலும், சட்டம் உங்களை ஒரு கூட்டமாகப் பார்ப்பதில்லை. நால்வரையும் நான்கு தனி மனிதர்களாக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளை மறுபடி மறுபடி கேட்கிறது. வழக்கில் வென்றது அவற்றில் ஒரு கேள்விக்கு மட்டுமே பதில். பணம் திரும்புவதும் திரும்பாததும் பெரும்பாலும் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருந்தார் என்பதைக் காட்டும் காகிதங்களைப் பொறுத்தே அமைகிறது.

வரி வழக்கில் வென்றவர் தன் செலவை அரசிடமிருந்து கேட்க, அமெரிக்க உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 7430-ஆம் பிரிவுதான் அடிப்படை. 1982-இல் வந்த இந்தப் பிரிவு, தொடக்கத்தில் ஒரு வழக்குக்கு 25,000 டாலர் என்ற உச்சவரம்பை வைத்திருந்தது. 1986-இல் அந்த வரம்பு எடுக்கப்பட்டு, மணிக்கு 75 டாலர் என்ற கட்டண வரம்பு வந்தது. 1988-இல் நீதிமன்றத்துக்கு முந்தைய நிர்வாகக் கட்டச் செலவுகளும் சேர்க்கப்பட்டன. அரசின் நிலைப்பாடு போதுமான நியாயம் உடையதாக இருந்தால் செலவு திரும்பாது; அப்படி இருந்ததா இல்லையா என்று நிரூபிக்கும் சுமை 1996-இல் வரி செலுத்துபவரிடமிருந்து அரசின் தலைக்கு மாறியது. இந்த வரலாற்றை ஒரு காரணத்துக்காகவே சொல்கிறேன். ஒன்றாகச் சேர்த்திருக்கக்கூடிய பல வழக்குகளை, அவை உண்மையில் சேர்க்கப்பட்டாலும் சேர்க்கப்படாவிட்டாலும், ஒரே வழக்காகக் கொள்ள வேண்டும் என்று இப்பிரிவில் ஒரு விதி இருக்கிறது. நீதிமன்றம் பொருத்தமில்லை என்று கருதினால் மட்டும் அதை விலக்கலாம். நான்கு மனுப் போட்டு நான்கு 25,000 டாலர் கேட்க முடியாதபடி தடுத்த அந்த விதியைச் சிலர் தலைகீழாகப் படித்து, ‘எங்கள் வழக்குகள் ஒன்றாகிவிட்டன, ஆகவே செலவும் ஒன்று, யார் பெயரில் கேட்டாலும் கிடைக்கும்’ என்று நினைக்கிறார்கள். வழக்கு ஒன்றாகலாம், அதனால் கட்சிக்காரர்கள் ஒருவராகிவிடுவதில்லை.

இனி ஒவ்வொருவரும் தனித்தனியே தாண்ட வேண்டிய தடைகளைப் பார்ப்போம். வரித்தொகையிலோ முக்கியமான பிரச்சினையிலோ கணிசமாக வென்றிருக்க வேண்டும். அதில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன் ஐஆர்எஸ்ஸுக்குள்ளேயே இருந்த வழிகளை முடித்திருக்க வேண்டும். அதாவது 30 நாள் கடிதம் (வரியைக் கூட்டப் போகிறோம், மறுப்பிருந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள் என்ற ஐஆர்எஸ் கடிதம்) வந்தபோது ஐஆர்எஸ்ஸின் மேல்முறையீட்டு அலுவலகத்தில் பேச்சுவார்த்தை கேட்டிருக்க வேண்டும். இதில் கவனமாக இருங்கள்: நால்வரும் கேட்டார்களா, அல்லது ஒருவர் கேட்டுவிட்டு மற்றவர்கள் ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிட்டார்களா? ஒருவரின் கடிதம் மற்றவர்களின் கடமையைத் தானாக நிறைவேற்றிவிடாது. காலவரம்பை நீட்டிக்க ஒப்புக்கொள்ள மறுத்ததை மட்டும் உங்களுக்கு எதிராகச் சொல்ல முடியாது. அதைச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. வழக்கைத் தேவையில்லாமல் இழுத்தடித்த காலத்துக்கும் செலவு கிடைக்காது.

அடுத்தது நிகரச் சொத்து மதிப்பு. தனிநபருக்கு 20 லட்சம் டாலர் வரம்பு. வழக்கைத் தாக்கல் செய்த நாளில் அதைத் தாண்டியிருக்கக் கூடாது. கணவனும் மனைவியும் கூட்டாக வரிக்கணக்குக் கொடுத்திருந்தாலும், 1997-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இருவரையும் இரண்டு தனிநபர்களாகவே எண்ண வேண்டும். இரண்டாமவர் விஷயத்தில் அவசரப்பட்டுக் கையை விரித்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. இன்றைய சந்தை விலையை வைத்து அவர் தன் சொத்தைக் கணக்கிட்டிருந்தால், அது தவறான கணக்கு. வரி நீதிமன்றம் 1996-இல் ஏற்றுக்கொண்ட முறைப்படி சொத்துகளை வாங்கிய விலையில் மதிப்பிட வேண்டும். 2003-இல் 5 லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு இன்று 20 லட்சத்துக்குப் போனாலும் இந்தக் கணக்கில் அது 5 லட்சம்தான். அதன்மேல் இருக்கும் கடனையும் கழிக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வீடு வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் ஏட்டளவில் கோடீஸ்வரர்களாகத் தெரிந்தாலும் இந்த வரம்புக்குள் வந்துவிடுவார்கள். அவர் மனைவியும் மனுவில் கட்சிக்காரராக இருந்தால், குடும்பச் சொத்தை இருவருக்கும் பிரித்த பிறகு என்ன நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் ஊரில் வாங்கிப் போட்ட மனையையும் வங்கி வைப்பையும் மறந்துவிடக் கூடாது. பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டுக் கையெழுத்திடப் போகும் பிரமாணப் பத்திரம் அது.

இவ்வளவும் பார்த்த பிறகும் அவர் வரம்பைத் தாண்டினால், அவருடைய பங்கு போயிற்று. மற்ற மூவரின் உரிமை அதனால் கெடாது. ஆனால் அவர் கொடுத்த 24,000 டாலரை மூவரின் பெயரில் சேர்த்துக் கேட்க முடியாது. ‘அவர் இல்லாவிட்டாலும் வழக்கறிஞர் இதே 240 மணி நேரம் உழைத்திருப்பாரே’ என்று வாதிடத் தோன்றும். நியாயமாகப் படும் வாதம்தான். ஆனாலும் சட்டத்தின் சொற்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கட்டணம் ‘கொடுக்கப்பட்டதாகவோ ஏற்கப்பட்டதாகவோ’, அதாவது கொடுக்கும் பொறுப்பை ஏற்றதாகவோ, இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சமப் பங்கு என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கும்போது, மூவர் ஏற்றது நான்கில் மூன்று பங்கைத்தான்.

அந்த ‘ஏற்கப்பட்டது’ என்ற சொல்லில்தான் உங்கள் கேள்வியின் உயிர் இருக்கிறது. பணம் வேறொருவர் பையிலிருந்து போயிருந்தால், வரி செலுத்துபவர் அந்தச் செலவை ஏற்றாரா? வரி நீதிமன்றம் இதில் இறுக்கமாக இருந்த ஒரு வழக்கில், ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (கலிபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான கூட்டாட்சி நீதிமன்றம்) 2009-இல் அத்தீர்ப்பை மாற்றி, வழி ஒன்றைத் தெளிவாக வகுத்தது. தனக்காக இன்னொருவர் முன்பணமாகக் கொடுத்த கட்டணத்தை எப்படியானாலும் திருப்பித் தருவேன் என்ற கடப்பாடு வரி செலுத்துபவருக்கு இருந்தால், அவர் அதை ஏற்றவராகிறார். அரசிடமிருந்து பணம் வந்தால் திருப்பித் தருவேன் என்ற நிபந்தனைக் கடப்பாடு இருந்தாலும் போதும். இரண்டும் இல்லாமல் யாரோ தானமாகக் கொடுத்துவிட்டார் என்றால் அவர் எதையும் ஏற்கவில்லை. கலிபோர்னியா ஒன்பதாவது வட்டத்துக்குள் இருப்பதால் உங்கள் வழக்கில் வரி நீதிமன்றம் இந்த அளவுகோலைத்தான் பின்பற்றும். நீங்கள் டெக்சாஸிலோ நியூஜெர்சியிலோ இருந்திருந்தால் இதே தீர்ப்பை ஒரு நல்ல வாதமாக மட்டுமே முன்வைக்க முடியும்.

இதை உங்கள் நால்வர் மேல் பொருத்திப் பார்ப்போம். கேள்வி கேட்ட நீங்கள் 60,000 டாலர் கொடுத்திருக்கிறீர்கள். ஒப்பந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவரும் நீங்கள்தான். மேலோட்டமாகப் பார்த்தால் முழுக் கட்டணத்துக்கும் நீங்களே கடன்பட்டவர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் சும்மா இருக்க மாட்டார். அவரவர் பங்கை மற்றவர்கள் உங்களுக்குத் தரக் கடமைப்பட்டிருக்கும்போது உங்கள் சொந்தச் சுமை 24,000 டாலர்தான் என்றும், மீதி 36,000 டாலர் நீங்கள் நண்பர்களுக்குக் கொடுத்த கடன் என்றும் அவர் சொல்வார். அவர் சொல்வது சரிதான் என்றே நான் நினைக்கிறேன். அதை எதிர்த்துப் போராடுவதைவிட அதையே பற்றிக்கொள்வது நல்லது. ஏனென்றால் அந்த 36,000 டாலர் உண்மையிலேயே கடன் என்றால், அதைத் திருப்பித் தர வேண்டிய மூன்றாமவரும் நான்காமவரும் அதை ‘ஏற்றவர்கள்’ ஆகிவிடுகிறார்கள்: மூன்றாமவர் 12,000, நான்காமவர் 24,000. இன்னும் ஒரு காசும் கொடுக்கவில்லை என்பதனால் மட்டும் நான்காமவர் தகுதி இழந்துவிடுவதில்லை. அவர் கடன்பட்டிருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

மூன்றாமவருக்காகத் தம்பியின் கம்பெனி கொடுத்த 12,000 டாலர்தான் பலவீனமான கண்ணி. அண்ணனுக்குத் தம்பி கொடுத்ததற்குக் கணக்கு எழுதுவது நம் குடும்பங்களில் வழக்கமில்லை; கேட்டால் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் கம்பெனியின் பேரேட்டில் அந்தத் தொகை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று உடனே பாருங்கள். கடனாகப் பதிவாகியிருந்தால் நல்லது. கம்பெனியின் சொந்தச் சட்டச் செலவாக எழுதி வரியில் கழித்திருந்தால், அந்த 12,000 டாலரைத் தம்பி தந்த கடன் என்று நீதிமன்றத்தில் சொல்வது கடினம். கம்பெனி செய்த கழிவும் சரியா என்ற இன்னொரு கேள்வி எழும்.

வாய்ப்பேச்சாக இருந்த ஒப்பந்தத்தை இப்போது எழுதிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் இன்றைய தேதியைப் போட்டு, இன்ன மாதத்தில் இவ்வாறு பேசி ஒப்புக்கொண்டோம் என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பழைய தேதி போட்ட காகிதம் ஒன்று போதும், வென்ற வழக்கும் நாறிவிடும். அந்தக் காலத்து மின்னஞ்சல்கள், வாட்ஸ்அப் செய்திகள், ‘என் பங்கை அடுத்த மாதம் அனுப்புகிறேன்’ என்ற ஒரு வரி, வங்கிப் பரிமாற்றத்தின் குறிப்பு ஆகியவை புதிதாக எழுதும் எந்தப் பத்திரத்தையும்விட வலுவானவை. தனக்கு நான்கு கட்சிக்காரர்கள் என்று கருதியே வேலை செய்ததாகவும், கட்டணம் நால்வரையும் சேர்ந்தது என்றும் வழக்கறிஞரிடமிருந்து ஒரு பிரமாணம் வாங்குங்கள். கட்டண ஏற்பாடு என்ன என்பதை விளக்கும் பிரமாணத்தை வரி நீதிமன்ற விதிகளே கேட்கின்றன.

தொகைக்கு வருவோம். சந்தைக் கட்டணமான 400 டாலரைச் சட்டம் ஏற்பதில்லை. 1998-இல் 125 டாலர் என்று நிர்ணயித்த வரம்பு விலைவாசிக்கேற்ப உயர்ந்து, 2023-இல் செய்த வேலைக்கு மணிக்கு 230, 2024-க்கு 240, 2025-க்கு 250 டாலர் என்று நிற்கிறது. நீங்கள் அனுப்பிய விவரப்படி 2023-இல் 60, 2024-இல் 100, 2025-இல் 80 மணி நேரம் என்றால், 13,800, 24,000, 20,000 சேர்ந்து 57,800 டாலர். அதில் நால்வர் பங்கு தலைக்கு 14,450. இரண்டாமவர் விலகினால் மூவருக்கும் சேர்த்து 43,350 டாலர். அப்போது 96,000 என்ற கனவு இங்கேயே பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. வரம்பைத் தாண்டிய கட்டணம் கேட்க, தகுதியான வழக்கறிஞர் கிடைப்பது அரிதாக இருந்தது, பிரச்சினை கடினமானது, உள்ளூரில் வரி நிபுணர்கள் இல்லை என்பன போன்ற சிறப்புக் காரணங்கள் வேண்டும். பழுதுபார்ப்பா மூலதனமா என்ற பழகிய சண்டைக்கு, அதுவும் வரி வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமில்லாத கலிபோர்னியாவில், அந்தக் காரணங்களைக் காட்டி வெல்வது எளிதன்று. அந்த வாதத்தில் மணி நேரங்களைச் செலவிட வேண்டாம் என்றே சொல்வேன்.

2023-இன் 60 மணி நேரத்தையும் பிரித்துப் பாருங்கள். 30 நாள் கடிதத்துக்கு முன், தணிக்கை நடந்துகொண்டிருந்த கட்டத்தில் செய்த வேலை எந்த வகையிலும் திரும்பாது. நால்வருக்கும் பொதுவான வேலையையும் ஒருவருக்கு மட்டுமே உரிய வேலையையும் வழக்கறிஞர் பிரித்துக் காட்ட வேண்டும். நான்காமவருக்குத் தனியாக ஏதோ வட்டி வருமானச் சிக்கல் இருந்ததாகச் சொல்கிறீர்கள்; அதற்குச் செலவான நேரத்தைச் சமப் பங்கில் கலக்கக் கூடாது, அந்தப் பகுதியில் அவர் தோற்றிருந்தால் கேட்கவே கூடாது. ‘ஆய்வு, தொலைபேசி, வரைவு: 9 மணி நேரம்’ என்று ஒரே வரியில் எழுதப்பட்ட பில்லைக் கண்டால் நீதிபதிக்குக் கத்தரிக்கோல் நினைவுக்கு வருவது இயல்பு.

கட்டணத்தைத் தவிர மற்றச் செலவுகளும் உண்டு. மனுவுக்கு 60 டாலர் வீதம் நால்வரும் செலுத்தியதை அவரவர் கேட்கலாம். கூரை பற்றிய பொறியாளர் அறிக்கை, வழக்குக்குத் தேவையானது என்று நீதிமன்றம் கண்டால் திரும்பக் கிடைக்கும். பொறியியல் அறிக்கை என்ற சொல்லே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கான 6,000 டாலர் எல்எல்சியின் கணக்கிலிருந்து போயிருக்கிறது, எல்எல்சியோ வழக்கில் கட்சிக்காரர் இல்லை. அந்தத் தொகை நால்வரின் மூலதனக் கணக்குகளில் பற்று எழுதப்பட்டிருந்தால், அவரவர் பணம் என்று சொல்லலாம். பொதுச் செலவாக எழுதி வாடகை வருமானத்திலிருந்து கழித்திருந்தால் வாதம் தளரும். எதுவானாலும், முன்பு கழித்த செலவு திரும்பி வந்தால் அது வருமானமாகும் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் விடுப்பெடுத்து அலைந்த நாட்களுக்கு ஒன்றும் கிடையாது.

எல்எல்சி தணிக்கை முறையிலிருந்து விலகாமல் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அப்போது வழக்கின் கட்சிக்காரர் கூட்டாண்மைதான். அதற்கு 70 லட்சம் டாலர் சொத்து வரம்பும் 500 ஊழியர் வரம்பும் பொருந்தும். 2019-இல் ஃபெடரல் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பிஏஎஸ்ஆர் என்ற கூட்டாண்மையின் வழக்கில், செலவு கேட்கும் உரிமை உள்ள கட்சிக்காரர் கூட்டாண்மையே என்று ஏற்று, செலவுத்தொகை வழங்கிய தீர்ப்பை உறுதிசெய்தது. அந்த வழக்கில் கூட்டாண்மை முன்வைத்த சமரசத் தொகை வெறும் 1 டாலர் என்பது சுவையான செய்தி.

அந்த 1 டாலரின் பின்னால் ஒரு விதி இருக்கிறது. 30 நாள் கடிதத்துக்குப் பின்பும், வழக்கு முதலில் விசாரணைக்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு 30 நாள் முன்பு வரையிலும், ‘தகுதியுள்ள முன்மொழிவு’ என்று பெயரிட்டு ஒரு தொகையை எழுத்தில் முன்வைக்கலாம். ஐஆர்எஸ் அதை ஏற்காமல், தீர்ப்பில் வரும் வரி அந்தத் தொகையைவிட மிகாமல் இருந்தால், அரசின் நிலைப்பாடு நியாயமாக இருந்ததா என்ற கேள்வியே எழாது. முன்மொழிவுக்குப் பிந்தைய செலவுகள் கிடைக்கும். சமரசத்தில் முடிந்த வழக்குக்கு இது பொருந்தாது. உங்கள் வழக்கறிஞர் அப்படி ஒன்றை அனுப்பினாரா என்று கோப்பைப் பாருங்கள். ஒருவர் சார்பில் மட்டும் அனுப்பியிருந்தால் பலனும் அவர் ஒருவருக்கே, ஏனெனில் முன்மொழிவு அவருடைய வரியைப் பற்றியது.

முன்மொழிவு இல்லையென்றால், மிகப் பெரிய தடை மிஞ்சியிருக்கிறது. அரசு தோற்றது என்பதனாலேயே அதன் நிலைப்பாடு நியாயமற்றது ஆகிவிடாது. நியாயமான ஒரு மனிதரைத் திருப்திப்படுத்தும் அளவுக்கு அடிப்படை இருந்தால் போதும் என்பது 1988-இல் உச்ச நீதிமன்றம் ஒத்த சட்டம் ஒன்றின் கீழ் சொன்ன அளவுகோல். கூரையின் எவ்வளவு பகுதி மாற்றப்பட்டது என்பது போன்ற உண்மைத் தகராறுகளில் அரசு இந்த வழியாகத் தப்பிப்பது அடிக்கடி நடக்கும். உங்கள் நம்பிக்கை வேறிடத்தில் இருக்கிறது. பழுதுபார்ப்புக்கும் மேம்பாட்டுக்கும் இடையிலான கோட்டை ஐஆர்எஸ்ஸே 2013-இல் விரிவான விதிமுறைகளாக வெளியிட்டது. தான் வெளியிட்ட வழிகாட்டுதலைத் தானே பின்பற்றாவிட்டால் அதன் நிலைப்பாடு நியாயமற்றது என்று அனுமானிக்கப்படும். அதிகாரியின் அறிக்கை அந்த விதிமுறைகளை மேற்கோளாவது காட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் மனுவின் முதல் பக்கம் அங்கிருந்து தொடங்க வேண்டும். பொறியாளர் அறிக்கையை எப்போது ஐஆர்எஸ்ஸிடம் கொடுத்தீர்கள் என்பதும் முக்கியம். விசாரணைக்கு இரண்டு வாரம் முன்பு கொடுத்திருந்தால், அதுவரை அவர்கள் எடுத்த நிலைப்பாட்டைக் குறைசொல்ல முடியாது.

மறைவாகக் கட்டணம் கொடுப்பதும் இந்தத் துறையின் வரலாற்றில் உண்டு. ஹவாயில் ஒரு வரிச்சலுகைத் திட்டத்தைச் சேர்ந்த 1,300-க்கும் மேற்பட்ட வழக்குகளுக்கு மாதிரியாகச் சில வழக்குகள் 1989-இல் விசாரிக்கப்பட்டன. மாதிரி வழக்கின் மனுதாரர் ஒருவருக்கு ஐஆர்எஸ் வழக்கறிஞர்களே ரகசியமாக வரியைக் குறைத்து, அந்தப் பணத்திலிருந்து அவருடைய வழக்கறிஞர் கட்டணம் போகும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். அது நீதிமன்றத்தின் மேலேயே இழைத்த மோசடி என்று ஒன்பதாவது வட்டம் 2003-இல் தீர்ப்பளித்தது. அத்தகைய நடத்தைக்கு 6673-ஆம் பிரிவு தனியே இருக்கிறது. அதில் மணிக்கட்டண வரம்பு இல்லை. உங்கள் வழக்கில் அப்படி எதுவும் இல்லாததால் அந்தக் கதவைத் தட்ட வேண்டாம்.

காலக்கெடு குறுகியது. எழுத்து வடிவத் தீர்ப்புரை உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் செலவு கோரும் மனு வரி நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். நான்கு வழக்கு எண்களையும் குறிப்பிட்டு, தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் தனிச் சொத்துப் பிரமாணமும், பங்கீட்டைக் காட்டும் ஒரே அட்டவணையும் இணையுங்கள். இந்த மனுவைத் தயாரிக்க வழக்கறிஞர் செலவிடும் நேரத்தையும் சேர்த்துக் கேட்கலாம்; ஆகவே அந்த மணி நேரங்களை யார் ஏற்கிறார் என்பதை, வேலை தொடங்குவதற்கு முன்பே, தகுதியுள்ள எல்லோரும் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.